ஜெபம் முடிவதற்குள் கழற்றிய ரோட்டார்

பெயர்: லாதாய் ஃபூனாகி. வயது: அறுபத்து மூன்று. கணவர்: காலஞ்சென்ற மனாசே ஃபூனாகி, டாக்ஸி ஓட்டுநர். தொழில்: பாய் முடைதல். ஊர்: கோலோவாய், தோங்கத்தாபு தீவின் மேற்குக் கோடி, தோங்கா.

நான் மேற்படி ஊரில் என் தம்பி ஃபிலிமோனேயின் வேலிக்குள்ளேயே தனி வீட்டில் குடியிருந்து வருகிறேன். என்னை யாரும் இங்கே அழைத்து வரவில்லை. புண் காலோடு நானே பஸ் ஏறி வந்து சார்ஜெண்ட் கெபு முன்னிலையில் இதைச் சொல்கிறேன். தம்பியின் காரிலிருந்து ரோட்டாரைக் கழற்றி, தன் மகள் வீகாவின் வெளிநாட்டுப் பயணத்தைக் கெடுக்கப் பார்த்தது நான்தான் என்று தம்பி மனைவி லோசே இதே நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறாள். அதன் பிறகு என் தம்பி வந்து, ரோட்டாரைக் கழற்றியவன் தானே என்றும், அக்காவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறான். என் தம்பி சொன்னது பொய். கழற்றியவள் நான். அவனுக்கு அந்தத் துணிச்சல் பிறவியிலேயே கிடையாது.

என் உரிமையைப் பற்றி முதலில் எழுதச் சொன்னேன். "அது ஊருக்கே தெரியும்மா, கேஸுக்கு வேண்டாம்" என்றார் சார்ஜெண்ட். வழக்கு மேலே போய் அங்கே ஒரு வெளிநாட்டு நீதிபதி உட்கார்ந்திருந்தால் அவருக்குத் தெரியாது என்பதால் எழுதச் சொன்னேன். எங்களில் தகப்பனைவிட தகப்பனின் மூத்த சகோதரி பெரியவள். கல்யாணத்தில் சீராக வரும் முதல் பாய் அவளுக்கு. சாவில் தலைமாடு அவளுக்கு. தம்பி வீட்டில் எது கண்ணில் பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு போகலாம், பன்றியானாலும் பிள்ளையானாலும் சரி. தம்பி மனைவி என்பவள் இதில் கணக்கிலேயே வரமாட்டாள். லோசே முப்பது வருடமாக என் முன்னால் குனிந்துதான் நடந்தாள். அவள் போலீஸுக்குப் போவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மேற்படி கார் வெள்ளை நிறம். ஜப்பானில் ஒருவன் ஓட்டித் தேய்த்து, ஆக்லாந்தில் ஒருவன் ஓட்டித் தேய்த்து, அதன் பிறகு கப்பலேறி என் தம்பியிடம் வந்தது. ரேடியோ இன்னும் ஜப்பான் பாஷைதான் பேசும். அதை வாங்கிய நாளிலிருந்து என் தம்பி தன்னை மெக்கானிக் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் என்பார்கள். எங்கள் ஊரில் ஸ்பேனர் எடுத்தவன் எல்லாம் மெக்கானிக்.

வீகா என் தம்பிக்கு ஒரே மகள், வயது இருபத்திரண்டு. எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. இடது பாதத்தில் ஆறாத புண் இருக்கிறது. பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் அவள்தான் வந்து அதைக் கழுவிக் கட்டுப் போட்டு வந்தாள். சென்ற வருடம் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் முதியோர் இல்லத்துக்குப் பெண்களை எடுக்க வந்தாள். என்ன வேலை தெரியும் என்று கேட்டதற்கு வீகா, "எங்க அத்தை கால் புண்ணை நான்தான் பாத்துக்கறேன்" என்று சொல்லியிருக்கிறாள். உடனே எடுத்துக்கொண்டார்கள். அதாவது என் புண்ணில் பழகிய கையை, குவீன்ஸ்லாந்தில் பெற்ற பிள்ளைகளே எட்டிப் பார்க்காத கிழவர்களுக்காகக் கொண்டு போகிறார்கள். நான் அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சனிக்கிழமை காலை விமானம். கூட்டமாகப் போகும் பெண்களில் யார் வரவில்லையோ அவள் இடம் அங்கேயே வேறொருத்திக்குப் போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ரோட்டாரைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று சார்ஜெண்ட் கேட்டார். எஞ்சினுக்குப் பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று உண்டு. அதன் மூடியை இரண்டு கிளிப் பிடித்திருக்கும். மூடிக்குள் கட்டைவிரல் அளவில் சுற்றுகிற துண்டுதான் ரோட்டார். அது இல்லாவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் போகாது. செல்ஃப் அடிக்கும், எஞ்சின் எடுக்காது. என் கணவர் டாக்ஸி ஓட்டியவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் மச்சான், மருமகன், சபைக்காரர் என்று வரிசையாகக் கார் கேட்டு வருவார்கள். சொந்தக்காரன் கேட்டதை இல்லை என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் கிடையாது. அதனால் மனாசே ரோட்டாரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வருகிறவன் கையில் சாவியையே கொடுத்து, "வண்டிக்கு உடம்பு சரியில்லப்பா. நீயே அடிச்சுப் பாரு. எடுத்துச்சுன்னா ஓட்டிட்டுப் போ" என்பார். வந்தவன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு நடந்தே போவான். ஊரில் கார் வைத்திருக்கும் பாதிப் பேர் இதைச் செய்கிறார்கள். அதனால்தான் ஒருவன் கார் எடுக்கவில்லை என்றால் ரோட்டார் இருக்கிறதா என்று அடுத்தவன் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் கார்க்காரனைக் கஞ்சன் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். இந்த மரியாதையை நம்பித்தான் நான் அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி வீட்டில் வீகாவை வழியனுப்பும் விருந்து. மண் அடுப்பில் சுட்ட பன்றிக்குட்டியும், சேம்பு இலையில் பொதிந்த மாட்டிறைச்சியும் பாயில் வைத்தாகிவிட்டது. சாப்பிடும் முன் ஜெபம் செய்யச் சபை மேற்பார்வையாளர் சாமிசோனியை அழைத்தார்கள். சாமிசோனி வாயைத் திறந்தால் ஆதாமில் ஆரம்பிப்பார். நோவா கப்பலுக்கு வருவதற்குள் பன்றி ஆறிவிடும். அவர் ஜெபம் முடிவதற்குள் ஒரு காரையே பிரித்துப் பூட்டலாம் என்று என் கணவர் சொல்வதுண்டு. எல்லோரும் தலையைக் குனிந்து கண்ணை மூடியதும் நான் எழுந்து வெளியே போனேன். கார் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றது, கதவு பூட்டுவதில்லை. பானெட்டைத் திறந்து, கிளிப்பைத் தட்டி, ரோட்டாரைப் பிடுங்கி, மூடியை முன்போலவே மாட்டினேன். அந்த நேரம் உள்ளே சாமிசோனி, "இந்தப் பிள்ளை போற வழியில ஒரு தடையும் வராம காத்துக்கொள்ளும் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அதன் பிறகு ரோட்டாரை, மரியாதைக்காக நாங்கள் உடுப்பின் மேல் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பாயின் மடிப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். ஆமென் சொல்லும்போது நானும் சொன்னேன்.

சனிக்கிழமை விடியற்காலை வீகா புது உடுப்போடும் கழுத்தில் மாலையோடும் தயாராக நின்றாள். பெட்டியைக் காரில் ஏற்றினார்கள். என் தம்பி சாவியைத் திருகினான். செல்ஃப் நன்றாகவே அடித்தது, எஞ்சின் எடுக்கவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. அதன் பிறகு அவன் இறங்கி டார்ச்சோடு பானெட்டைத் திறந்தான். நான் என் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் வருவதற்கு முன்பே அவன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தான். அவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, மூடியைத் திரும்ப மாட்டி, "பேட்டரி வீக்கா இருக்கு" என்றான். குருடனுக்கு எதற்கு டார்ச் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு கார் வைத்தியர்கள் வந்தார்கள். முதலில் வந்தவன் ஈனோகே, என் தம்பியின் மச்சான். ஆக்லாந்தில் கோழி வெட்டும் ஃபேக்டரியில் வேலை பார்த்துத் திரும்பியவன். கோழிக்குத் தோல் உரித்த அனுபவத்தில் கார் பற்றி எல்லாம் தெரியும் என்பான்.

"பேட்டரியா? செல்ஃப் இந்தப் போடு போடுது, பேட்டரிங்கிறீங்களே மச்சான். பெட்ரோல் ஏறல. எங்க வாங்குனீங்க? தண்ணி கலந்திருப்பான்."

"எப்பவும் வாங்குற கடைதான்டா."

"ஆக்லாந்துல இப்படி நூறு வண்டி பாத்திருக்கேன். கம்ப்யூட்டரைச் சொருகினா ஒரே நிமிஷத்துல சொல்லிடும்."

"இதுல எங்கடா கம்ப்யூட்டரச் சொருகறது? வண்டிக்கு உங்க அப்பன் வயசு."

அதன் பிறகு ஈனோகே பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினான். பெட்ரோல் வரவில்லை என்று சொன்னவன் வாயில் பெட்ரோல் வந்தது. துப்பிவிட்டு, "அப்ப பில்டர்தான்" என்றான். அந்த நேரத்தில் சாமிசோனி தம் பிக்கப் வண்டியில் வந்து சேர்ந்தார். அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. என் தம்பியைத்தான் பார்த்தார்.

"ஃபிலிமோனே, போன ஞாயித்துக்கிழமை இந்த வண்டில தேங்காய் ஏத்தினியா?"

"ரெண்டே மூட்டைதான்."

"அதான். ஓய்வு நாளைக் கெடுத்தா பிளக்கு பத்துமா?"

லோசே அப்போது வாசலில் நின்றாள். சனிக்கிழமை என்பதால் தலைநகரச் சந்தைக்குக் கிழங்கு ஏற்றிய லாரிகள் எங்கள் ரோட்டு வழியாகப் போய்க்கொண்டிருந்தன.

"சந்தை லாரி போகுது. ஒண்ண நிறுத்தட்டுமா?" என்று கேட்டாள்.

"மக ஃப்ளைட்டுக்குப் போறா, கிழங்கு மூட்டை மேலயா போவா? கொஞ்சம் இரு, இப்ப எடுத்துரும்" என்றார் சாமிசோனி. அவர் பிக்கப்பிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். அது அந்தத் தலைகளில் ஒன்றிலும் உதிக்கவில்லை. ஆண்பிள்ளைகள் மூன்று பேர் ஒரு பானெட்டுக்குள் தலையை விட்டுவிட்டால், வீடு பற்றி எரிந்தாலும் அதை வெளியே எடுக்கமாட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அந்த ரோட்டாரை நம்பவில்லை, இவர்களைத்தான் நம்பினேன்.

அதன் பிறகு என் தம்பி எல்லோரையும் பார்த்து, "கொஞ்சம் எஞ்சின் ஆறட்டும். வாங்க, உள்ள போய் டீ குடிச்சிட்டு வரலாம்" என்றான். ஓடாத எஞ்சின் எங்கே சூடாகும் ஆறுவதற்கு? ஆனாலும் டீ என்றதும் வைத்தியர்கள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள். பானெட் திறந்தே கிடந்தது. முற்றத்தில் ஒருவரும் இல்லை. மகள் விமானத்துக்கு நிற்கும்போது டீ குடிக்கிற தகப்பனை அன்றுதான் பார்த்தேன், காறித் துப்பலாம்போல் இருந்தது. நான் ஜன்னலைவிட்டு எழுந்திருக்கவில்லை.

டீ முடிந்து வந்ததும் எல்லாப் பிளக்கையும் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். ஈனோகே டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கையைக் கொண்டு போனான்.

"அத விடுடா. அத நான் பாத்துட்டேன்" என்றான் என் தம்பி.

"ஒரு தடவ தொறந்து பாத்துரலாமே மச்சான்."

"பாத்துட்டேன்னு சொல்றேன்ல!"

என் தம்பி குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. தான் பார்த்ததை இன்னொருவன் பார்த்தால் மானம் போய்விடும் என்கிற மெக்கானிக் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு அடித்து அடித்தே பேட்டரி உண்மையாகவே இறங்கிவிட்டது. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று என் தம்பி சொன்னதும், அதைக் கேட்டு மற்றவர்கள் தலையாட்டியதும் எழுதப்பட வேண்டும். அதன் பிறகு தள்ளினார்கள். அது ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, சுவர்க்கம் வரை தள்ளினாலும் எடுக்காது. சபைக் கட்டடம் வரை தள்ளிக்கொண்டு போய், திரும்பவும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெட்டி காருக்குள்ளேயே இருந்தது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்றால், இவர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு முழு வைத்தியன்.

அதன் பிறகு சாமிசோனியின் பிக்கப்பை மூக்கோடு மூக்கு நிறுத்தி, இரண்டு பேட்டரிக்கும் வயர் கொடுத்தார்கள். சிவப்பு எங்கே, கறுப்பு எங்கே என்று வாக்குவாதம் வந்தது. வாக்குவாதத்தில் ஈனோகே ஜெயித்தான். பட்டென்று ஒரு சத்தம், புகை, ரப்பர் கருகிய நாற்றம். பிக்கப்பும் படுத்துவிட்டது. இப்போது முற்றத்தில் இரண்டு வண்டிகள் பிணமாகக் கிடந்தன, நன்றாக விடிந்துவிட்டது. "இன்னொரு தடவ டீ குடிக்கலாம், எல்லாரும் வாங்க" என்றான் என் தம்பி. எல்லோருக்கும் கடைசியாக அவன் என் ஜன்னல் பக்கம் திரும்பாமலே போனான். எங்கள் வழக்கில் வளர்ந்த அக்காவும் தம்பியும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவதில்லை. விருந்தும் ஜெபமும் தவிர ஒரே அறையில் சேர்ந்து உட்காருவதுகூட இல்லை. அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த இரண்டாம் டீ நேரத்தில்தான் லோசே காரிலிருந்து பெட்டியை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். வீகா, "அம்மா, அப்பாகிட்ட சொல்லிட்டு" என்றாள். "உங்கப்பன் டீ குடிக்கட்டும். நீ வா" என்று சொல்லிவிட்டு, ரோட்டின் நடுவில் போய் நின்று, வருகிற லாரிக்கு முன்னால் கையை விரித்தாள். வந்தது மரவள்ளிக்கிழங்கு மூட்டையும் இரண்டு உயிர்ப் பன்றியும் ஏற்றிய லாரி. டிரைவர் திட்டினான். அவள் அவனைவிட மோசமாகத் திட்டினாள். அந்த வாயில் அப்படி வார்த்தைகள் இருப்பது எனக்கு முப்பது வருடமாகத் தெரியாது.

லாரி நின்றதும் வீகா மட்டும் திரும்ப ஓடி வந்து என் வீட்டுக்குள் நுழைந்தாள். மண்டியிட்டு என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, எங்கள் வழக்கப்படி கன்னத்தோடு கன்னம் வைத்து முகர்ந்தாள். அவள் கை என் இடுப்புப் பாயின் மடிப்பில் இருந்த ரோட்டாரின் மேல் பட்டது. பட்டது எனக்குத் தெரியும். அது என்ன என்று அவள் கேட்கவில்லை. "அத்தை, புண்ணுல ஈரம் படாம பாத்துக்குங்க. கட்டுத் துணி அலமாரில மேல் தட்டுல வெச்சிருக்கேன்" என்றாள். அதன் பிறகு ஓடிப்போய் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தாள். லாரி போய்விட்டது. விமானம் அவளோடுதான் போனது என்று மதியம் தெரிந்தது.

மதியம் எல்லோரும் தூங்கிய பிறகு ரோட்டாரைத் திரும்ப மாட்டிவிடலாம் என்று போனேன். மறுநாள் ஞாயிறு, எங்கள் நாட்டில் வேலை செய்யச் சட்டமே தடுக்கும் நாள், அன்று கை வைத்தால் அதற்கும் ஒரு போலீஸ் வரும். பானெட்டைத் தூக்கினேன். காலில் நிற்க முடியாமல் தடுமாறினேன். பின்னால் லோசே நின்றாள்.

"பானெட்ட நான் பிடிச்சுக்கறேன் அண்ணி. நீங்க மாட்டுங்க" என்றாள்.

அவள் பிடித்துக்கொண்டாள், நான் மாட்டினேன். அதன் பிறகு அவள் பானெட்டை இறக்கிவிட்டு, எனக்கு முன்னால் குனியாமல் நேராக நடந்து போனாள். திங்கட்கிழமை இங்கே வந்து புகார் கொடுத்தாள்.

என் தம்பி கொடுத்த வாக்குமூலத்தை சார்ஜெண்ட் இன்று எனக்கு வாசித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெப நேரத்தில் மூடியின் இரண்டு கிளிப்பையும் தட்டி ரோட்டாரை எடுத்ததாகவும், மகளைப் பிரிய மனமில்லாமல் அப்படிச் செய்ததாகவும் அதில் இருக்கிறது. சாயங்காலம் என்பதும் ஜெப நேரம் என்பதும் அவனுக்கு எப்படித் தெரிந்தது? ஜெபத்தில் கண்ணைத் திறந்திருக்கிறான். காலி மூடியையும் பார்த்திருக்கிறான். விடியற்காலை முதல் நிமிஷத்திலேயே தெரிந்தவன்தான் அத்தனை நேரமும் பேட்டரி என்றான், பிளக் என்றான், தள்ளினான். ஈனோகேயை மூடியில் கை வைக்க விடவில்லை. இரண்டு முறை ஊரையே உள்ளே கூட்டிக்கொண்டு போய் டீ குடிக்க வைத்து, பானெட்டைத் திறந்தே விட்டுவிட்டுப் போனான். நான் இறங்கி வந்து மாட்டிவிடுவேன் என்று. நான் ஜன்னலில் உட்கார்ந்து அவனை முட்டாள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அக்கா முகம் கோணக் கூடாது என்பதற்காகப் பெற்ற மகளையே இழக்கத் துணிந்தவனை முட்டாள் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் பொய்யன் என்பதையும் சேர்த்து எழுதி, அவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

அதன் பிறகு சார்ஜெண்ட் ஒரு கேள்வி கேட்டார். "இருந்துடுடின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு போயிருப்பாளாம்மா? உங்க சொல்லைத் தட்ட அந்த வீட்ல யாரு இருக்கா? அப்புறம் எதுக்கு இந்த வேலை?"

போயிருக்க மாட்டாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அன்று சாயங்காலமே வந்து என் காலைக் கழுவியிருப்பாள். நான் சாகும்வரை கழுவியிருப்பாள். நான் தினமும் கீழே குனிந்து அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். கார் கிளம்பவில்லை என்றால் அவள் காரைத் திட்டியிருப்பாள், அப்பனைத் திட்டியிருப்பாள், என்னிடம் வந்து அழுதிருப்பாள். நான் தலையைத் தடவியிருப்பேன். எனக்கு அவள் வேண்டும், ஆனால் அவள் வெறுக்கிற ஆளாக நான் இருக்கக் கூடாது. மூன்று ஆண்பிள்ளைகளைக் கேவலமாகப் பேசினேனே, அவர்களில் ஒருவன்கூட இவ்வளவு கேவலமாக ஒன்றைச் செய்யவில்லை.

இப்போது புண்ணுக்கு யார் கட்டுப் போடுகிறார்கள் என்று சார்ஜெண்ட் கேட்டார். லோசே. சனிக்கிழமை சாயங்காலமே தண்ணீர்ச் சட்டியோடு வந்துவிட்டாள். என் மேல் புகார் கொடுத்துவிட்டு வந்த திங்கட்கிழமையும் வந்தாள். பேசமாட்டாள். கை கரடு, வலிக்கும். அந்த வேலிக்குள் மூளை உள்ள ஒரே ஆள் அவள்தான் என்று எழுதச் சொன்னேன். எழுதியதை அவளிடம் வாசித்துக் காட்ட வேண்டாம் என்றும் சொன்னேன்.

இத்துடன் என் வாக்குமூலம் முடிகிறது. சார்ஜெண்ட் முழுவதையும் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது, நான் கழற்றிய இடத்தில் எல்லாம் அவர் மரியாதைக்காக, "பெரியவர் தம் உரிமைப்படி எடுத்துக்கொண்டார்" என்று எழுதியிருப்பது தெரிந்தது. உங்கம்மா உங்களுக்கு மரியாதை கற்றுக்கொடுத்திருக்கிறாள், ஆனால் வேலை கற்றுக்கொடுக்கவில்லை என்றேன். உரிமை உள்ளவள் எல்லோரும் பார்க்க, வாய்விட்டுச் சொல்லி எடுப்பாள். ஊர் கண்ணை மூடியிருக்கும்போது எடுத்து மடியில் செருகிக்கொள்ளமாட்டாள். அந்த வரிகளை அடிக்கச் சொல்லி, "திருடினேன்" என்று எழுதச் சொன்னேன். அவர் எழுதத் தயங்கியதால் பேனாவை வாங்கி நானே எழுதினேன். அந்தக் கையெழுத்தும் கீழே உள்ள கையெழுத்தும் என்னுடையவை. மற்ற யாவும் நான் சொன்னபடியே உள்ளன, யாவும் உண்மை.

(ஒப்பம்) லாதாய் ஃபூனாகி

என் முன்னிலையில், சார்ஜெண்ட் கெபு